பழைய காயம் திரும்பி வரும்போது

 



யஃகூப் (அலை) அவர்களுடைய வீட்டில் நடந்த ஒரு விடயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸூரா யூஸுஃபை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கின்றோம். ஆனால் இந்த இடத்தை அதிகமானவர்கள் நின்று பார்ப்பதில்லை.

தானியம் வாங்க மிஸ்ருக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருகின்றார்கள். இளைய மகன் புன்யாமீன் அங்கே பிடிபட்டுவிட்டார். வாப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று மூத்தவரும் அங்கேயே தங்கிவிட்டார். செய்தியைக் கேட்டதும் யஃகூப் (அலை) அவர்கள் பிள்ளைகளை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார்கள். அப்போது அவர்களுடைய வாயிலிருந்து வந்த பெயர் எது? புன்யாமீனின் பெயர் இல்லை. மூத்தவரின் பெயரும் இல்லை. பல வருடங்களுக்கு முன் காணாமல் போன யூஸுஃபின் பெயர்தான் வந்தது. அந்தத் துக்கத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று அல்லாஹ் சொல்கின்றான் (12:84).

இன்று பட்ட அடி, என்றோ பட்ட காயத்தைத் திறந்துவிட்டது. காயம் பட்டவர் ஒரு நபி. அதைப் பதிந்து வைத்திருப்பது குர்ஆன். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

*ஒக்டோபர் மாதம்*

நம் புத்தளத்துக்கு ஒக்டோபர் என்றால் என்ன என்று வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கும் மேல். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு மைதானத்தில் சேர்த்து, கையில் சில நூறு ரூபாயோடு அனுப்பினார்கள். நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். மன்னார்த் தீவு மக்கள் மழைக்காலக் கடலில் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். அந்தச் சுவர்களில் சன்னம் பட்ட ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன.

அந்த வருடங்களில் தமிழ்ப் பிள்ளைகளும் வீடிழந்தார்கள், வாப்பாமார் போல அவர்களுடைய அப்பாமாரும் காணாமல் போனார்கள். முஸ்லிம்கள் போகும்போது வாசலில் நின்று அழுத தமிழ் அயலவர்களைப் பற்றி நம் பெரியவர்களே சொல்லியிருக்கின்றார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:8). நான் பேச வந்தது அரசியல் அல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் இந்த ஊர்ப் பிள்ளை, என்னை யாரும் விரட்டவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு வாங்கில் மூன்று பேர் இருந்த இடத்தில் திடீரென்று ஐந்து பேர் இருந்தோம். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கொப்பி இல்லை, செருப்பு இல்லை. அவர்கள் விளையாட வருவார்கள், எங்களைவிட நன்றாக ஓடுவார்கள். பிள்ளைகள்தானே, சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த அந்தப் பிள்ளைகள் இன்று என் வயதுக்காரர்கள். கடை வைத்திருக்கின்றார்கள், பாடசாலைகளில் படிப்பிக்கின்றார்கள், வெளிநாட்டுக்குப் போய் வந்துவிட்டார்கள். 2025 ஒக்டோபர் கடைசியில் 35 வருடம் ஆனது.

மறந்துவிட்டார்களா?

ஒரு சகோதரர் சொன்னார். (அனுமதி கேட்டுத்தான் சொல்கின்றேன். ஆளை அடையாளம் காணும்படியான விபரங்களை மாற்றியிருக்கின்றேன்.) முப்பது வருடமாக அவருக்கு ஒன்றும் இல்லை. கடை, வீடு, தொழுகை, எல்லாம் ஒழுங்கு. அவருடைய மூத்த மகனுக்குப் பத்து வயதானது. ஒரு நாள் மீன் விற்கிற வாகனம் ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்தது. தான் எழும்பியதே அவருக்குத் தெரியவில்லை. மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே நின்றிருக்கின்றார். பிள்ளை பயத்தில் அழுகின்றது. மனைவி என்ன என்று கேட்கின்றார். இவருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நித்திரை போனது. கோபம் வந்தது. தொழுகையில் நின்றால் நெஞ்சு அடிக்கும். “ஹஸரத், என்ட ஈமான் போய்ட்டுதா?” என்று கேட்டார்.

அவர் வெளியேறியபோது அவருக்கும் வயது பத்து.

இன்னொரு சகோதரி என் மனைவியிடம் சொன்னது. அவருக்குத் தன் மகளின் காதில் தோடு போட முடிவதில்லை. வாங்கி வைத்திருக்கின்றார், போடப் போனால் கை நடுங்குகின்றது. சோதனைச் சாவடியில் தன் காதிலிருந்து கழற்றியபோது அவருக்கு ஐந்து வயது. அந்த நாளில் வேறு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. காது மட்டும் ஞாபகம் வைத்திருக்கின்றது.

இப்படித்தான் வரும். சிலருக்கு ஒரு சத்தம், சிலருக்கு டீசல் மணம், சிலருக்கு மழை இரவு. தன் பிள்ளை அந்த வயதை அடையும்போது வரும். வாப்பா மௌத்தான வீட்டில் வரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, வீடுகளைச் சோதனை போட்ட நாட்களில், நம்மில் பலருக்கு வந்தது. அந்த நாட்களில் சில உம்மாமார் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாமல் உடுப்புப் பையைக் கட்டிக் கதவருகே வைத்திருந்தார்கள்.

*இது ஈமானின் குறையா?*

அந்தச் சகோதரரின் கேள்விக்கு நான் சொன்ன பதில் ஒரு ஹதீஸ்.

நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில், மதீனாவில் உறவினர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், அப்வா என்ற இடத்தில் தாயார் ஆமினா வஃபாத்தானார்கள். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் போனார்கள். பல பத்து வருடங்கள் கழிந்தன. வஹி வந்தது, ஹிஜ்ரத் நடந்தது, பத்ரும் உஹதும் நடந்தன. பிறகு ஒரு நாள் தோழர்கள் சூழத் தன் தாயாரின் கப்றுக்குப் போனார்கள். அங்கே அழுதார்கள். அவர்கள் அழுததைப் பார்த்துச் சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கின்றது.

ஆறு வயதுப் பிள்ளையின் இழப்பு, உலகத்துக்கே ரஹ்மத்தாக அனுப்பப்பட்டவர்களின் கண்ணில் அத்தனை வருடம் கழித்துக் கண்ணீராக வந்தது. அந்த நெஞ்சைவிட ஈமானுள்ள நெஞ்சு எது? தோழர்களுக்கு முன்னால் அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. பிறகு நாம் ஏன் மகனுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவலி என்று சொல்கின்றோம்?

ஸூரா ளுஹாவைப் பாருங்கள். வஹி தாமதமாகி நபி (ஸல்) அவர்கள் மனம் வருந்தியிருந்த வேளையில் இறங்கியது. அல்லாஹ் அங்கே எதை ஞாபகப்படுத்துகின்றான்? உங்களை அநாதையாகக் கண்டு நான் புகலிடம் தரவில்லையா என்று கேட்கின்றான். மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அநாதையாக இருந்ததையும் சொல்கின்றான், கிடைத்த புகலிடத்தையும் சேர்த்துச் சொல்கின்றான். நமக்கு வரும் ஞாபகத்தில் முதல் பாதி மட்டும்தான் வருகின்றது. ஒலிபெருக்கி வருகின்றது, அன்றிரவு சோறு கொடுத்த வீடு வருவதில்லை. இரண்டையும் சேர்த்து நினைக்கப் பழகுவது ஒரு மருந்து. ஆனால் முதல் பாதியைக் கேட்க ஆள் இல்லாதவருக்கு இரண்டாவது பாதியைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

மருத்துவர்கள் இதை வேறு சொற்களில் சொல்கின்றார்கள். பெரும் ஆபத்தைச் சந்தித்த உடம்பு, அதேபோன்ற அடையாளம் ஒன்று கண்டால், ஆபத்து இப்போதே நடப்பதாக எடுத்துக்கொள்கின்றது. அறிவு யோசிக்கும் முன் கால் ஓடிவிடுகின்றது. கெட்ட கனவு, திடுக்கிடுதல், சில இடங்களையும் ஆட்களையும் தவிர்த்தல், எதிலும் ஒட்டாமல் மரத்துப்போதல் எல்லாம் அதன் பகுதிகள். வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்தவர்களிடம் இதைக் கண்ட பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்கு ஒரு பெயரிட்டு நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சம்பவம் நடந்து பல வருடம் கழித்தும் இது தலைகாட்டலாம். ஆகவே, தொழுகையில் நெஞ்சு அடிப்பது எல்லாம் ஷைத்தானின் ஊசலாட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். ஜின் பிடித்தது என்று சொல்லிப் பிரம்பெடுக்கிறவரிடம் கூட்டிப் போகவே போகாதீர்கள். ஓதி ஊதுவது சுன்னத். மனிதரை அடிப்பது சுன்னத் இல்லை.

*“பழசை மறந்துடுங்க”*

இந்த வார்த்தையை நான் அதிகமாகக் கேட்டது பள்ளிவாசல் வராந்தாவில்தான். சொல்பவர்கள் நல்லவர்கள், ஆறுதலுக்காகத்தான் சொல்கின்றார்கள். ஆனால் யஃகூப் (அலை) அவர்களிடம் இதைச் சொன்னது யார் என்று பாருங்கள். அவர்களுடைய பிள்ளைகள். நோயில் விழும் வரை, அல்லது அழிந்துபோகும் வரை யூஸுஃபின் நினைப்பை விடமாட்டீர்கள் போலிருக்கின்றதே என்று சலித்துக்கொண்டார்கள் (12:85). அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இருந்தது. கிணற்றில் போட்டவர்கள் அவர்கள்தானே!

யஃகூப் (அலை) அவர்கள் சொன்ன பதிலின் கருத்து, என் துயரத்தையும் கவலையையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகின்றேன் என்பது. அழகிய பொறுமை என்று தன் வாயால் சொன்ன அதே நபிதான் அழுதார்கள், முறையிட்டார்கள். அப்படியானால் ஸப்ர் என்பது வாயைத் தைத்துக்கொள்வது இல்லை. அடுத்த ஆயத்தில் அதே அழுத கண்ணோடு பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கின்றார்கள்: போய் யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நிராசை அடையாதீர்கள் என்று. இதில் என்னைத் தொடுவது அந்தத் ‘தேடுங்கள்’ என்ற கட்டளைதான். துஆ கேட்டவர் ஆளனுப்பவும் செய்தார்.

இன்னொரு விடயம், இதை நான் மூன்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன். குற்ற உணர்வு. பெரிய பாவத்துக்காக இல்லை. ஒருவருக்கு அன்று எட்டு வயது. உம்மம்மாவின் ஆஸ்மா மருந்துப் பையைத் தூக்கிவரும்படி அவரிடம் கொடுத்திருக்கின்றார்கள். மைதானத்தில் கீழே வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார். வவுனியா வரும் முன்பே உம்மம்மாவுக்கு மூச்சு இழுத்தது. சில வாரங்களில் முகாமில் மௌத்தானார்கள். இன்றும் அந்தப் பை கனவில் வருகின்றது. யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. வீட்டில் யாருக்கும் அந்தப் பை ஞாபகமே இல்லை.

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூதில் இருக்கின்றது. அதில் ஒருவர் பருவ வயதை அடையாத பிள்ளை. கிராமன் காத்திபீன் எழுதாததை நீங்கள் இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கின்றீர்கள். அந்தப் பை உங்கள் ஏட்டில் இல்லை சகோதரரே. துப்பாக்கி பிடித்தவனின் ஏட்டில் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளையின் ஏட்டில் எப்படி இருக்கும்?

*அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது*

2009இல் யுத்தம் முடிந்த பிறகு பலர் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் போய் வந்தார்கள். சிலர் அங்கேயே குடியேறினார்கள். சோனகத் தெருவில் கூரையில்லாத வீட்டுக்குள் ஆலமரம் முளைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் யாரோடும் பேசாதவர்கள் இருக்கின்றார்கள். போகலாமா, கூடாதா என்று கேட்பவர்களுக்கு நான் மூஸா (அலை) அவர்களைச் சொல்வேன்.

அவர்கள் வளர்ந்தது ஃபிர்அவ்னின் மாளிகையில். பயந்து தப்பியோடிய ஊரும் அதுதான். அந்த மாளிகைக்கே போ என்று அல்லாஹ் கட்டளையிட்டபோது, சரி என்று உடனே கிளம்பிவிடவில்லை. என் நெஞ்சு நெருக்கடியாகும், நாக்கு சரளமாக வராது, என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயப்படுகின்றேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கின்றார்கள் (26:12-14). என் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தா என்று கேட்கின்றார்கள். அல்லாஹ் கோபித்தானா? கேட்டதைக் கொடுத்தான். பயம் வரும் இடத்துக்குத் தனியாகப் போகாமல் துணையோடு போவது நபிமார்களின் வழி. காக்காவைக் கூட்டிப் போங்கள், மனைவியைக் கூட்டிப் போங்கள். நெஞ்சு அடைத்தால் பாதியில் திரும்பி வந்து இன்னொரு முறை போங்கள். போகவே விருப்பமில்லை என்றால் அதிலும் குற்றமில்லை.

மூஸா (அலை) அங்கே போனதும் ஃபிர்அவ்ன் எடுத்த முதல் ஆயுதம் எது தெரியுமா? நீ பிள்ளையாக இருந்தபோது நாங்கள்தானே உன்னை வளர்த்தோம் என்றான் (26:18). சோறு போட்டதைச் சொல்லி வாயை அடைக்கப் பார்த்தான். ஒரு கூட்டத்தையே அடிமையாக்கி வைத்துவிட்டு, அதை எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிக்காட்டுகின்றாயா என்ற கருத்தில் மூஸா (அலை) திருப்பிக் கேட்டார்கள். இந்த உரையாடலை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் 1990 மட்டும் இல்லை.

எல்லாக் காயமும் ஊரறிய நடப்பதில்லை. வீட்டுக்குள் நடந்தது இருக்கின்றது. வளர்த்த மாமா, சாச்சா, அயலவர், படிப்பித்தவர் என்று மரியாதைக்குரிய ஆள் செய்தது இருக்கின்றது. வெளியேற்றத்தை நினைவுகூர வருடத்தில் ஒரு நாளாவது உண்டு. இந்தக் காயத்துக்கு ஒரு நாளும் இல்லை, நடந்ததை ஒத்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லை. கல்யாணம் முடித்த பிறகு, பிள்ளை பெற்ற பிறகு அது திரும்பி வரும்போது, “உன்னை வளர்த்த மனுசனைப் பத்தி இப்படிப் பேசுறியா” என்று குடும்பமே ஃபிர்அவ்னின் வார்த்தையைச் சொல்கின்றது. இப்படி ஒரு பெண் உங்களிடம் வாய் திறந்தால், முதலில் நம்புங்கள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அந்த ஆள் இன்றும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நடமாடினால், ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடிக்கிற விடயம் இல்லை அது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்குச் சொல்லுங்கள். குடும்ப மானத்தை மறைப்பது வேறு, குற்றவாளியை மறைப்பது வேறு.

*மன்னித்தால் முகம் பார்க்க வேண்டுமா?*

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு வஹ்ஷி (ரழி) அவர்களின் சம்பவத்தைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஹம்ஸா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குச் சிறிய தந்தை, அதோடு பால்குடிச் சகோதரர். உஹதில் அவர்களை ஈட்டியெறிந்து கொன்றவர் வஹ்ஷி. வருடங்கள் கழித்து, மக்கா வெற்றிக்கும் பிறகு, அவர் தாயிஃப் தூதுக்குழுவோடு வந்து நபி (ஸல்) அவர்கள் முன் நிற்கின்றார். நீர்தான் வஹ்ஷியா, ஹம்ஸாவைக் கொன்றவர் நீர்தானா என்று கேட்டார்கள். ஆம் என்றார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. பழிவாங்கல் இல்லை. ஆனால் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: உம்முடைய முகத்தை எனக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? வஹ்ஷி (ரழி) அவர்களே இதைச் சொல்லியிருக்கின்றார்கள், புகாரியில் இருக்கின்றது.

அந்த முகத்தைப் பார்த்தால் உஹத் திரும்பி வரும். அதை நபி (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. மன்னிப்பில் குறை வைக்கவும் இல்லை, நெஞ்சு தாங்காததைத் தாங்கும் என்று சொல்லவும் இல்லை. கட்டளையிடாமல், முடியுமா என்று கேட்ட அந்த மென்மையையும் பாருங்கள். ஆகவே, சிறுவயதில் உங்களுக்குக் கொடுமை செய்த உறவினரின் கல்யாண வீட்டுக்குப் போக முடியவில்லை என்றால், உறவைத் துண்டித்தவர் என்ற பட்டியலில் உங்களைச் சேர்க்க யாருக்கும் உரிமையில்லை. தூரத்திலிருந்து ஸலாம் சொல்லலாம், துஆ செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

யூஸுஃப் (அலை) மன்னித்தார்களே என்பார்கள். மன்னித்தார்கள். ஆனால் எப்போது? அரசாங்கத்தின் களஞ்சியம் கையில் வந்த பிறகு, யாரும் இனி கிணற்றில் தள்ள முடியாத இடத்தில் இருந்துகொண்டு. அதற்கு முன், யூஸுஃபுக்கும் உங்களுக்குத் தெரியாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கின்றதா என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டார்கள் (12:89). தவறு செய்தோம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பிறகுதான் இன்று உங்கள் மீது பழி இல்லை என்ற வார்த்தை வந்தது. நடந்ததற்குப் பெயர் சொல்லாமல் மன்னிப்பை மட்டும் கேட்கும் குடும்பங்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

*அது வரும் நேரத்தில்*

நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் முதலில் இருக்கும் இடத்தை உடம்புக்குச் சொல்லுங்கள். இது 1990 இல்லை, இது புத்தளம், இது என் வீட்டுச் சுவர் என்று வாயால் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். மனநல ஆலோசகர்கள் கற்றுத்தரும் எளிய வழி இது. எழும்பிப் போய் வுழூ செய்யுங்கள். முகத்தில் படும் குளிர்ந்த தண்ணீரே உடம்பைத் திருப்பிக் கொண்டுவரும். நபி (ஸல்) அவர்களுக்கு ஏதேனும் கடுமையான கவலை வந்தால் தொழுகைக்குப் போவார்கள் என்று ஹுதைஃபா (ரழி) சொல்கின்றார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புக் கேட்கும் துஆவை அவர்கள் அடிக்கடி ஓதக் கேட்டதாக அனஸ் (ரழி) அறிவிக்கின்றார்கள். ஹம்மு, ஹஸன் என்ற இரண்டு சொற்கள் அதில் வருகின்றன. வரப்போவதை நினைத்து வருவது ஒன்று, நடந்து போனதை நினைத்து வருவது மற்றொன்று என்று உலமாக்கள் விளக்குவார்கள். நம் விடயத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

கெட்ட கனவில் எழும்பினால் இடதுபக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பி, அஊது சொல்லி, மறுபக்கம் திரும்பிப் படுக்க ஹதீஸில் வழியிருக்கின்றது. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் வந்திருக்கின்றது. அதனால் டொக்டரிடமும் சொல்லக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். நோயின் அடையாளமாக மருத்துவரிடம் சொல்வது அதில் சேராது என்பதே என் விளக்கம்.

ஆயிஷா (ரழி) அவர்கள் மௌத்து வீட்டாருக்கும் நோயாளிகளுக்கும் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சி கொடுக்கச் சொல்வார்கள். அது நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாகச் சொன்னார்கள். ‘கொஞ்சம்’ என்ற அளவைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் போக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் தெருவில் ஒருவர் இந்த மாதம் முகம் வாடியிருந்தால், பயான் செய்யப் போகாதீர்கள், ஒரு கோப்பைக் கஞ்சி கொண்டுபோங்கள்.

இவை போதாமல் நித்திரையின்மை வாரக்கணக்கில் நீண்டால், வேலைக்குப் போக முடியாவிட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், மருத்துவரிடம் போவது சுன்னத்தின் பக்கம்தான் இருக்கின்றது. வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழி. ஹிஜ்ரி 322இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், உடம்பின் நலத்துக்கு ஒரு பகுதியும் மனதின் நலத்துக்கு ஒரு பகுதியுமாகக் கிதாபே எழுதினார். பயம், துக்கம், கோபம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசுகின்றார். அறபுக் கல்லூரியில் நாங்கள் அதைப் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கின்றேன். இன்று அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் பணம் இல்லாமலே பார்க்கின்றார்கள். பேசிக் குணப்படுத்தும் முறை இருக்கின்றது, தேவையானால் மருந்தும் இருக்கின்றது. போக வெட்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவரைத் தவக்குல் இல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லையே.

வாப்பாமாருக்கு ஒன்று. பழைய பயம் பல ஆண்களில் பயமாக வருவதில்லை, அடியாக வருகின்றது. மீன் வாகனத்துச் சத்தத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தச் சகோதரர், பிறகு சிறு சத்தத்துக்கெல்லாம் பிள்ளைக்குக் கை நீட்டத் தொடங்கினார். அதுதான் அவரை என்னிடம் கூட்டி வந்தது. அனஸ் (ரழி) சிறுவயதிலிருந்து பத்து வருடம் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருநாளும் ‘சீ’ என்றுகூடத் தன்னைச் சொன்னதில்லை என்கின்றார்கள். தாயை ஆறு வயதில் இழந்து, வீடு மாறி வீடு வளர்ந்த ஒருவர், தன் கைக்கு வந்த பிள்ளையை அப்படி வைத்திருந்தார்கள்.

அந்தச் சகோதரர் வைத்தியசாலைக்குப் போய் வருகின்றார், எட்டு மாதமாகின்றது. முழுவதும் போய்விடவில்லை. மகனுக்கு உட்கார்ந்து விடயத்தைச் சொல்லியிருக்கின்றார்: “உன்ட வயசுல வாப்பாக்கு இப்படி நடந்திச்சு, அதான் அன்டைக்கு உன்னை இழுத்தேன், உன்ட பிழை இல்ல மகன்.” இப்போது மீன் வாகனம் வந்தால் மகன்தான் முதலில் வாசலுக்குப் போய், “மீன்காரர்தான் வாப்பா” என்று உள்ளே குரல் கொடுக்கின்றானாம்.

இந்த மாதம் முழுவதும் இஷாவுக்குப் பிறகு நான் பள்ளிக் காரியாலயத்துக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். கதவு சாத்தியிருக்கும், தட்டிவிட்டு வாருங்கள். பெண்கள் எங்கள் வீட்டுக்கு அஸருக்குப் பிறகு வரலாம்.

யா அல்லாஹ்! வழியிலும் முகாம்களிலும் மௌத்தாகி, கப்று எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக. இன்றிரவு நித்திரை வராமல் இதை வாசித்துக்கொண்டிருப்பவருக்கு நித்திரையைத் தருவாயாக. ஆமீன்.